இடிக்குப் பிறகு ஆன் ஆகாத ரிசீவர்: எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. போன வாரம் சாயங்காலம் பெரிய இடி இடித்தபோது மெயின் டிரிப் ஆனது. தூக்கிவிட்ட பிறகு டிவி, ஃபேன், பிரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றன. ஏழு வருடப் பழைய 7.2 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் போடும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) மட்டும் ஆன் ஆகவில்லை. பட்டணத்தில் ஒரு கடையில் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்:

உண்டு. ரிசீவருக்குள் ஐந்தாறு போர்டுகள் இருக்கின்றன. எந்தப் போர்டு, எதனால் என்று சொல்லாமல் "போர்டு போச்சு" என்பவர் இன்னும் சோதனையே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஆன் ஆகவில்லை என்று சொல்லி வரும் செட்டுகளில் கணிசமானவை முழுதாகச் செத்தவை இல்லை. ஒன்று கரண்ட் உள்ளே போயிருக்காது, அல்லது உள்ளே ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டு செட்டே ஆன் ஆக மறுக்கும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு வரும் சோதனைகள் எல்லாம் இதை வைத்துத்தான். சுவர் பிளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் முதலில் போர்டில் இருக்கும் ஒரு கண்ணாடி ஃபியூஸைத் தாண்டுகிறது. தாண்டியதும் ஸ்டேண்ட்பை சப்ளை என்ற சின்னப் பகுதிக்குப் போகிறது. அது எப்போதும் விழித்திருந்து 5 வோல்ட் மாதிரி ஒரு சின்ன மின்சாரத்தைக் கண்ட்ரோல் சிப்புக்குக் கொடுக்கும். நீங்கள் பட்டனை அமுக்கியதும் அந்தச் சிப் ஒரு ரிலேயை, அதாவது கரண்டால் இயங்கும் ஒரு சுவிட்சை, மூடும். "டிக்" என்று கேட்கும். அப்போதுதான் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் போகும், ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய பெரிய வோல்டேஜ் உருவாகும். பிறகு சிப் ஒவ்வொரு வோல்டேஜையும், ஸ்பீக்கர் முனையில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட், அங்கே வரக்கூடாதது) இருக்கிறதா என்பதையும், சூட்டையும் சரிபார்க்கும். காலைப் பெரட்டில் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று தண்டல் எண்ணிப் பார்த்த பிறகே வேலைக்காட்டுக்கு அனுப்புவாரே, அந்த மாதிரி. எல்லாம் சரியென்றால் சில விநாடிகள் கழித்து இரண்டாவது "டிக்", ஸ்பீக்கர் ரிலே மூடும். ஒன்று குறைந்தாலும் சிப் முதல் ரிலேயையே திறந்து செட்டை அணைத்துவிடும்.

ஆகவே நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயம்தான் முக்கியம். பட்டனை அமுக்கும்போது ஒரு "டிக்"காவது கேட்கிறதா? லைட் ஏதாவது எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? ஃபேனை நிறுத்திவிட்டு, மூடியின் மேல் காதை வைத்துக் கேளுங்கள்.

லைட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பு லைட் எரியவில்லை என்பதாலேயே கரண்ட் ஏறவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். டெனானின் பல மாடல்களில் சாதாரண ஸ்டேண்ட்பையில் லைட் எரியவே எரியாது. நெட்வொர்க் கண்ட்ரோலோ, செட் அணைந்திருக்கும்போதும் படத்தை டிவிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ பாஸ்த்ரூவோ ஆனில் இருந்தால்தான் சிவப்பு தெரியும். இடிக்கு முன்னால் அணைத்து வைத்திருக்கும்போது உங்கள் செட்டில் லைட் எரிந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி வெளியே இருந்து ஆரம்பிப்போம். மூடியைத் திறக்கும் வேலை கடைசியில்தான்.

எக்ஸ்டென்ஷன் வயரை ஒதுக்கிவிட்டு நேரே சுவர் சாக்கெட்டில் போடுங்கள். "சர்ஜ் புரொடெக்டர்" என்று எழுதிய எக்ஸ்டென்ஷனில் உள்ளே ஒரு வேரிஸ்டரும் (எகிறும் வோல்டேஜைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் பாகம்) சூட்டு ஃபியூஸும் (அதிகச் சூட்டில் அறுவது) இருக்கும். பெரிய இடியில் அவை தம்மைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம். அப்படியானால் எக்ஸ்டென்ஷன்தான் செத்தது, செட் இல்லை. சாக்கெட்டைச் சோதிக்க ஃபோன் சார்ஜர் போதாது, அது 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். டேபிள் ஃபேனையோ அயர்ன் பெட்டியையோ போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஏசி 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் அளக்கலாம். நம் மலேசியாவில் 230 வோல்ட்டுக்கு மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை அனுமதி, அதாவது 216 முதல் 253 வரை. லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்து வீடுகளில் சாயங்காலம் இது இறங்கும். 200-க்குக் கீழே விழுந்தால் சில செட்டுகள் ரிலேயை மூடியதும் அணைந்துவிடும்.

அடுத்து பிளக். மூன்று பின் பிளக்கானால் உள்ளே இருக்கும் ஃபியூஸை மாற்றுங்கள். பார்வைக்கு நல்லதாகத் தெரிகிற பீங்கான் ஃபியூஸும் உள்ளே அறுந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை, எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்திச் சாக்கெட்டில் திணித்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை இன்றோடு நிறுத்துங்கள். பின் சரியாகப் பிடிக்காமல் பொறி பறக்கும். அந்த விட்டு விட்டு வரும் கரண்ட், செட்டின் ஸ்டேண்ட்பை சப்ளையைக் கெடுப்பதில் இடிக்குச் சளைத்தது இல்லை. சிரிம் தர முத்திரை உள்ள அடாப்டரோ புது பிளக்கோ போடுங்கள். பவர் கேபிள் செட்டிலிருந்து கழற்றக் கூடியதாக இருந்தால், அதே வடிவத்தில் உள்ள கம்ப்யூட்டர் கேபிளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இங்கே இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்றைக்கு இடிக்கு முன்னாலோ பின்னாலோ லைட்டுகள் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்தனவா? அதே லயத்தில் பக்கத்து வீட்டிலும் பொருள்கள் போயினவா? அப்படியானால் சந்தேகம் இடி மேல் இல்லை, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) மேல். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் ஒரு வீட்டுக்கு 230-க்குப் பதில் 300-க்கும் மேலே ஏறலாம், இன்னொரு வீட்டுக்கு மங்கலாக வரும். அந்த நிலையில் எதையும் பிளக்கில் போடாமல் மின்சாரக் கம்பெனியான டிஎன்பியின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். அதைச் சரிசெய்யாமல் ரிசீவரை ரிப்பேர் செய்தால் புதுப் பாகமும் போகும்.

மெயின் டிரிப் ஆனதை மட்டும் வைத்து ரிசீவரில் ஷார்ட் என்று நினைக்க வேண்டாம். இடி பக்கத்தில் விழுந்தாலே ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்சு) விழுவது இங்கே சகஜம். ரிசீவரைப் போட்டவுடன் அந்தச் சாக்கெட்டின் எம்சிபி (அதிகக் கரண்ட் ஓடினால் அணையும் சுவிட்சு) மறுபடி விழுந்தால்தான் உள்ளே நேரடி ஷார்ட் என்று அர்த்தம். பெரும்பாலான ரிசீவர்களுக்கு எர்த் வயர் கிடையாது, இரண்டு கம்பிதான். அதனால் ரிசீவரின் பவர் கேபிள் வழியாக எர்த்துக்குக் கசிந்து ஆர்சிசிபி விழ வழியில்லை. அப்படி விழுகிறது என்றால் டிஷ் கேபிள், எச்டிஎம்ஐ என்று வேறு வழியாகப் போகிறது.

இப்போது எல்லாரும் தவறவிடும் சோதனை. செட்டின் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: எச்டிஎம்ஐ கேபிள்கள், லேன், யூஎஸ்பி, எஃப்எம் ஏரியல், சப்வூஃபர், எல்லா ஸ்பீக்கர் வயர்களும். எது எங்கே இருந்தது என்று முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் கேபிளையும் கழற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பவர் கேபிளை மட்டும் போட்டு, ரிமோட்டைத் தொடாமல் முன்பக்கப் பட்டனை அமுக்குங்கள். முன்னாலோ பின்னாலோ தனியாக ஒரு மாஸ்டர் சுவிட்சு இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய செட்டுகளில் அதை யாராவது அணைத்திருப்பார்கள்.

ஏன் இத்தனை கேபிளையும் கழற்றச் சொல்கிறேன்? நம் பக்கத்து வீடுகளில் இடி ரிசீவருக்குள் நுழையும் முக்கிய வழி கரண்ட் வயர் மட்டும் இல்லை. கூரை மேல் இருக்கும் அஸ்ட்ரோ தட்டு, அதிலிருந்து இறங்கும் கேபிள், டிகோடர், அதிலிருந்து எச்டிஎம்ஐ, அங்கிருந்து ரிசீவர். தட்டின் மேல் நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துச் செம்பனைக் காட்டில் விழுந்தாலே நீண்ட கம்பியில் வோல்டேஜ் தூண்டப்படும். எச்டிஎம்ஐ போர்ட்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆனால் அந்த கேபிளில் வரும் 5 வோல்ட் தரையோடு ஒட்டிக்கொள்ளும். சில செட்டுகள் அந்தக் கோளாறோடு ஸ்டேண்ட்பையிலிருந்து எழவே எழாது. டிகோடரே பழுதாகி, அதன் கேபிளைப் போட்டிருக்கும்வரை ரிசீவர் எழாமலும் இருக்கலாம். யூனிஃபை இன்டர்நெட்டின் ஃபைபர் கேபிள் வழியாக இடி வராது, அது கண்ணாடி. ஆனால் ரௌட்டரிலிருந்து வரும் லேன் கேபிள் செம்பு, அதன் வழியாக வரும்.

எல்லாம் கழற்றியதும் செட் ஆன் ஆனால், ஒவ்வொரு கேபிளாக, ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டு, திரும்பப் போடுங்கள். ஸ்பீக்கரை முதலில், எச்டிஎம்ஐயைக் கடைசியில். எதைப் போட்டதும் மறுக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட் போனது என்றால் மற்ற போர்ட்டுகளோடு செட்டைப் பல வருடம் ஓட்டலாம்.

ஸ்பீக்கர் வயரில் தேட வேண்டியது ஒரே ஒரு செம்பு இழை. சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு நடுவிலோ செட்டின் பின்தகட்டிலோ ஓர் இழை உரசினாலும் பாதுகாப்பு வேலை செய்யும். வயர் முனையை முறுக்கித் திரும்பப் பொருத்துங்கள். எலி கடித்த இடம் இருக்கிறதா என்று முழு நீளத்தையும் கையால் தடவிப் பாருங்கள், சீலிங்குக்கு மேலே ஓடும் வயராக இருந்தால் கட்டாயம். ஸ்பீக்கரையும் மல்டிமீட்டரில் அளக்கலாம்: 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3, 3.5 காட்டும். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் அது ஷார்ட். கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டு ரிசீவரில் இரண்டிரண்டு ஸ்பீக்கராகச் சேர்த்துக் கட்டியிருந்தால் இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஆகும், நான்கு சேர்ந்தால் 2. அந்தச் சுமையில் மணிக்கணக்கில் ஓடிய செட்டில், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

லைட் மின்னினால் அது நல்ல சேதி, சிப் உயிரோடு இருக்கிறது. டெனானில் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒருமுறை சிவப்பு மின்னினால் சூடு அதிகம் என்று பொருள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, காற்று போக இடம் விட்டு மறுபடி பாருங்கள். அரை விநாடிக்கு ஒருமுறை வேகமாக மின்னினால் ஸ்பீக்கர் இணைப்பையோ ஆம்ப்ளிஃபயர் பகுதியையோ பார்க்க வேண்டும். யமஹா செட்டில் பாதுகாப்பு தொடர்ந்து மூன்று முறை வேலை செய்தால் அதற்கு மேல் ஆன் ஆகவே மறுத்துவிடும். அதனால்தான் "இன்னொருமுறை அமுக்கிப் பார்ப்போம்" என்று விடாமல் அமுக்குவதை வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு அமுக்கலும் கெட்டுப்போன பகுதிக்கு மறுபடி கரண்டை அனுப்பி, ஒரு டிரான்சிஸ்டர் கோளாறை நாலாக்கும். யமஹாவின் சர்வீஸ் மோடில் கடைசியாக எந்தப் பாதுகாப்பு வேலை செய்தது என்ற பதிவும் இருக்கும்: "டிசி" என்றால் ஆம்ப்ளிஃபயர் பகுதி, "பிஎஸ்" என்றால் பவர் சப்ளை, "டிஎம்பி" என்றால் சூடு, "ஐ" என்றால் அதிகக் கரண்ட். டெக்னீஷியனிடம் கொடுத்தால் முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டாம். ரீசெட் என்பது சிப் விழித்திருந்து குழம்பிப்போன செட்டுக்குத்தான் உதவும். லைட்டும் இல்லை, டிக்கும் இல்லை என்றால் எந்தப் பட்டனை எத்தனை நேரம் பிடித்தாலும் பயன் இல்லை.

இத்தனையும் செய்து எதுவும் அசையவில்லை என்றால் மூடியைத் திறக்கலாம். திறக்கும் முன் இதைப் படியுங்கள். பவர் கேபிளைப் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய இரண்டு கெப்பாசிட்டர்களில் ஒவ்வொன்றிலும் 50, 60 வோல்ட் இருக்கலாம். ஸ்டேண்ட்பை சப்ளை சுவிட்சிங் வகையானால் அதன் கெப்பாசிட்டரில் 230 ஏசியிலிருந்து மாறிய ஏறக்குறைய 325 வோல்ட் டிசி இருக்கும். இது ஆளைக் கொல்லக்கூடியது. ஸ்குரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்குவது கூடாது. பொறி கண்ணில் தெறிக்கும், போர்டும் போகும். பெரிய கெப்பாசிட்டருக்கு 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், ஸ்டேண்ட்பை கெப்பாசிட்டருக்கு 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர், இரண்டு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வைத்து 20 விநாடி பிடித்து, மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர் உள்ளே கை வைக்காமல், கீழே சொல்லும் பார்வைச் சோதனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திறந்ததும் முதலில் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். தோட்டத்து வீடுகளில் நான் எப்போதும் முதலில் தேடச் சொல்வது பல்லி. ஸ்டேண்ட்பை பகுதியின் இளஞ்சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் கரப்பானும் வந்து கூடும். 230 வோல்ட் முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்தால் ஃபியூஸ் போகும், சில சமயம் சேதம் அதோடு முடிந்துவிடும். செத்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். போர்டு கருகியிருந்தால் அந்தக் கரியைக் கத்தியால் முழுதாகச் சுரண்ட வேண்டும். கரி கரண்டைக் கடத்தும். மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ஆன் செய்தால் அதே இடத்தில் மறுபடி பற்றும்.

அடுத்து ஃபியூஸ். பவர் கேபிள் உள்ளே வரும் போர்டில் இருக்கும். அதைக் கழற்றி ஓம் ரேஞ்சில் அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அறுந்திருந்தால் அது எப்படி அறுந்தது என்று பாருங்கள், ஏனென்றால் அது நிறையச் சொல்லும். கம்பி மட்டும் நடுவில் மெல்ல உருகி, கண்ணாடி தெளிவாக இருந்தால், பழசாகி அல்லது கொஞ்சம் அதிகக் கரண்டில் போனது. கண்ணாடி உள்ளே கறுப்பாகவோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் நேரடி ஷார்ட். அதன் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அந்த நொடியே போகும். ஃபியூஸின் மேல் அச்சிட்டுள்ள ஆம்பியரும் 250 வோல்ட்டும் முன்னால் இருக்கும் "டி" என்ற எழுத்தும் மூன்றும் பொருந்த வேண்டும். "டி" என்றால் மெதுவாக அறுவது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் கரண்டை அது தாங்கும். வேகமாக அறுவதைப் போட்டால் நல்ல செட்டிலும் அறுந்துகொண்டே இருக்கும். பெரிய ஆம்பியர் ஃபியூஸையோ வெள்ளித்தாளையோ கம்பியையோ வைப்பதை மன்னிக்கவே முடியாது. பலகை வீட்டில், எல்லாரும் தூங்கும்போது எரியக்கூடிய பொருளை அலமாரியில் வைப்பதற்குச் சமம் அது.

இடிக்குப் பிறகு ஃபியூஸ் கறுத்திருந்தால் அதன் பக்கத்திலேயே தட்டையான வட்டமாக ஒரு பாகம் இருக்கிறதா பாருங்கள், அதுதான் வேரிஸ்டர். பெரும்பாலும் 471 அல்லது 431 என்ற எண் இருக்கும். வெடித்தோ விரிசல் விட்டோ இருந்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. அதே எண், அதே அகலத்தில் வேரிஸ்டரும், அதே ஃபியூஸும் மாற்றினால் செட் எழுந்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. உங்கள் கேஸில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் டிக் சத்தம்கூட இல்லை என்றால் ஸ்டேண்ட்பை சப்ளை. இதில் இரண்டு வகை. பழைய செட்டுகளில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பவர் கேபிள் இல்லாமல், அதன் 230 வோல்ட் பக்கத்துச் சுற்றை அளந்தால் சில நூறு ஓமிலிருந்து ஓராயிரத்துக்கு மேல்வரை காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் சுற்றுக்குள் புதைத்திருக்கும் சூட்டு ஃபியூஸ் அறுந்திருக்கும். அதைப் பிரித்துத் தாண்டவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். அதே வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுங்கள்.

புதிய செட்டுகளில் ஃபோன் சார்ஜர் மாதிரி சுவிட்சிங் சப்ளை. இதில் இடி இல்லாமலேயே போவது சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். கண்ட்ரோல் ஐசியின் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபேரட் அளவில் ஒன்று இருக்கும். 5 வோல்ட் வரும் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு. அவை ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் சூட்டில் இருக்கின்றன. 10 டிகிரி சூடு கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், நம் ஊர் வெப்பத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்த செட்டில் கேட்கவே வேண்டாம். தலை உப்பியிருந்தால் உடனே தெரியும், ஆனால் காய்ந்துபோனது பலசமயம் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, முடி காயவைக்கும் டிரையரால் அந்தப் பகுதியை ஒரு நிமிடம் இளஞ்சூடாக்குங்கள். மூடியைப் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். செட் எழுந்தால் கெப்பாசிட்டர்தான் என்று ஏறக்குறைய உறுதி. மாற்றும்போது மைக்ரோஃபேரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒருபடி மேலே, 105 டிகிரி வகை, கழித்தல் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். ஒன்றை மாற்றுவதற்குப் பதில் அந்தப் பகுதியில் உள்ள எல்லாச் சின்னக் கெப்பாசிட்டரையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. ஈப்போவில் உள்ள பார்ட்ஸ் கடைகளிலும், கோலாலம்பூரில் ஜாலான் பாசாரிலும் இவை கிடைக்கும், செலவு சொற்பம்.

325 வோல்ட் இருந்தும் 5 வோல்ட் வரவில்லை, கெப்பாசிட்டர் மாற்றியும் பயனில்லை என்றால் ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது ஐசி. கரண்டோடு அளக்க வேண்டிய இடம் இது, தெரிந்தவரிடம் விடுங்கள்.

முதல் "டிக்" கேட்டு, சில விநாடியில் மறுபடி "டிக்" என்று அணைந்துவிட்டால் ஸ்டேண்ட்பை நன்றாக இருக்கிறது, பெரிய பக்கம்தான் கோளாறு. அங்கே மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ரிலேயின் உள்முனை கருகி, சத்தம் வந்தும் கரண்ட் தாண்டாமல் இருப்பது. இரண்டு, சில செட்டுகளில் ஆன் ஆகும் கணத்து இழுப்பைக் குறைக்க ஒரு வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது அறுந்தால் பெரிய வோல்டேஜ் வராது, சிப் பார்த்து அணைத்துவிடும். மூன்று, அவுட்புட் டிரான்சிஸ்டர். பவர் இல்லாமல், கெப்பாசிட்டர் இறக்கிய பிறகு, டயோடு ரேஞ்சில் ஒவ்வொரு பெரிய டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கும் ஓரத்து எமிட்டர் காலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினால் ஷார்ட். ஒன்று போனால் அதன் ஜோடியையும், அதை ஓட்டும் டிரைவரையும், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இணையச் சந்தையில் மிக மலிவாக வரும் டிரான்சிஸ்டர்களில் போலி நிறைய, முதல் நாள் நன்றாக ஓடி சத்தம் கூட்டியதும் வெடிக்கும்.

ரிப்பேருக்குப் பிறகு நேரே 230-இல் போடாமல், ஒரு 60 அல்லது 100 வாட் இழை பல்பைத் தொடராக வைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பினால் வோல்டேஜ் குறைவதால் சில செட்டுகள் பாதுகாப்பில் அணையும், பல்பு மங்கலாக இருக்கும்வரை அதில் பயமில்லை.

உங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் கடையில் வாங்கியதாக இருந்தால் பின்பக்கத்து வோல்டேஜைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்து, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் யாராவது சுவரில் போட்டிருந்தால் மேலே சொன்ன சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் வேரிஸ்டரும் முதலில் போகும்.

எது ரிப்பேருக்குத் தகும்? ஃபியூஸ், வேரிஸ்டர், ஸ்டேண்ட்பை சப்ளை, ரிலே: யோசிக்காமல் செய்யலாம். ஒரு சேனலின் அவுட்புட்: நல்ல டெக்னீஷியன் கிடைத்தால் செய்யலாம். எச்டிஎம்ஐ அல்லது டிஜிட்டல் போர்டு இடியில் போனது, ஏழு வருடச் செட்: அந்தப் போர்டு புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ஆறு மாதத்தில் அதன் பக்கத்துச் சிப் போகலாம். அங்கே நானும் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்: ஃபியூஸ் எப்படி அறுந்திருந்தது, ஸ்டேண்ட்பையில் எத்தனை வோல்ட் வருகிறது, பெரிய சப்ளை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

சரியான பிறகு, ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மேகம் திரளும்போது பவர் பிளக்கையும் டிகோடரின் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, அந்த இடைவெளியை இடி தாண்டும். மெயின் சுவிட்சு இருக்கும் டிபி பெட்டியில் சர்ஜ் அரெஸ்டர் (இடி வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் பாகம்) வைக்க விரும்பினால், எர்த் கம்பி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பதிவுபெற்ற வயர்மேனிடம் அளக்கச் சொல்லுங்கள். பழைய லயத்து வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து பேருக்கு மட்டும் இருக்கும், அந்த நிலையில் அரெஸ்டர் வைத்தும் பலன் இல்லை. செட்டின் மேல் பின்னல் துணியோ டிகோடரோ வைக்காமல், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

இப்போதைக்கு மூடியைத் தொடாமல் மூன்றை மட்டும் செய்து எழுதுங்கள்: எல்லா கேபிளையும் கழற்றி அரை மணி கழித்து என்ன ஆனது, டிக் சத்தம் எத்தனை, பின்பக்கத்தில் எழுதியுள்ள மாடல் எண்ணும் வோல்டேஜும் என்ன. மாடல் தெரிந்தால் அதில் ஸ்டேண்ட்பை சப்ளை எந்த வகை, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று சரியாகச் சொல்ல முடியும்.